ஃபார்ன் தீவில் ஒரே நாளில் பஃபினும் கடல்நாய்க் குட்டியும் கிடைக்குமா?

கேள்வி, 11 பிப்ரவரி 2024

அண்ணா, நாங்கள் மான்செஸ்டரில் இருக்கிறோம். ஜூனில் மனைவி, ஆறு வயது மகளோடு இங்கிலாந்தின் வடகிழக்குக் கரைக்குப் பக்கத்தில் இருக்கும் ஃபார்ன் தீவுகளுக்குப் போகலாம் என்று திட்டம். ஒரே நாளில் பஃபின் என்ற கடற்பறவை, வெள்ளைக் கடல்நாய்க் குட்டி இரண்டையும் படம் எடுத்துவிட முடியும் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? இதற்காக 600 மி.மீ. லென்ஸ் வாங்க வேண்டுமா? நீங்கள் நியூகாசில்காரர், பல தடவை போனவர் என்பதால் கேட்கிறேன்.

11 பிப்ரவரி 2024, இரவு

முடியாது. பஃபின் ஏப்ரலில் வந்து இறங்கும், ஜூலை முடிவதற்குள் மூட்டை கட்டிவிடும். சாம்பல் கடல்நாய் அங்கே குட்டி போடுவது அக்டோபர் பிற்பாதியிலிருந்து டிசம்பர் வரை. இரண்டும் ஒரே படத்தில் இருந்தால் யாரோ உட்கார்ந்து ஒட்டியிருக்கிறார் என்று அர்த்தம்.

ஜூனில் கடல்நாயே இருக்காது என்று நினைக்க வேண்டாம். நிறைய இருக்கும். ஆனால் எல்லாம் பெரியவை. கடல் வற்றிய நேரத்தில் பாறை மேல் தலையையும் வாலையும் தூக்கிக்கொண்டு வாழைப்பழம் போலக் கிடக்கும். படகு அந்தப் பக்கமாகத்தான் சுற்றி வரும். உங்கள் மகளுக்கு அதுவே போதும்.

12 பிப்ரவரி 2024

லென்ஸ் விஷயத்தை நேற்று விட்டுவிட்டேன். 600 வேண்டாம். வேடந்தாங்கலில் கரையில் நின்றுகொண்டு ஏரி நடுவில் மரத்தில் உட்கார்ந்திருக்கும் நாரையை எட்டிப் பிடிக்க வேண்டும், அங்கே 600 பத்தாது. இங்கே பஃபின் உங்கள் ஷூவிலிருந்து இரண்டு மீட்டரில் நிற்கும். நான் 100-400 ஒன்றோடுதான் போகிறேன். அதிலும் பாதிப் படம் 200க்குக் கீழே. ஆறு வயதுப் பிள்ளையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு இரண்டு கிலோ லென்ஸை இன்னொரு கையில் தூக்கிப் பார்த்தால் தெரியும்.

பஃபின் ஒரு புறா அளவுதான், நானூறு கிராம் சுமார். முதல் தடவை பார்க்கிறவர்கள் எல்லோரும் சொல்வது “இவ்வளவு சின்னதா?”. பறந்தால் நிமிடத்துக்கு நானூறு தடவை சிறகடிக்கும். ஷட்டர் 1/2500க்குக் கீழே வைத்தால் சிறகு இருக்கும் இடத்தில் புகை மாதிரி ஏதோ தெரியும். வெயில் நாளில் வெள்ளை நெஞ்சு வெளுத்துப் போகும், அதனால் எக்ஸ்போஷரை முக்கால் ஸ்டாப் குறைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய நாள் கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று நினையுங்கள்.

ரகசியம் ஒன்றே ஒன்றுதான்: ஒரு இடத்தைப் பிடித்து அசையாமல் நில்லுங்கள். பத்து நிமிடத்தில் பறவைகள் உங்களை மறந்துவிடும்.

12 பிப்ரவரி 2024, நள்ளிரவு

என் படம் ஒன்றைக் கேட்டிருந்தீர்கள், ஏற்றியிருக்கிறேன். 22 ஜூன் 2019, ஃபார்ன் தீவுகளில் ஒன்றான இன்னர் ஃபார்ன். பஃபின் வாய் நிறைய மீனோடு தரையைத் தொடுகிறது, கருந்தலைக் கடற்காகம் ஒன்று அதன் அலகிலேயே தொங்குகிறது. இரண்டின் கண்ணும் தெளிவு. (பெயர்தான் கருந்தலை. தலை காப்பிக்கொட்டை நிறம்.) எங்கள் ஊர்ப் புகைப்படக் கழகத்தில் இரண்டாம் பரிசு. வீட்டு மாடிப்படியில் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருக்கிறேன். வருகிற விருந்தாளி யாரும் அதைப் பற்றி நான் சொல்லும் கதையைக் கேட்காமல் மாடிக்குப் போக முடியாது என்பது என் மனைவியின் புகார்.

14 பிப்ரவரி 2024

லீட்ஸிலிருந்து இங்கே எழுதுகிறவர் சரியாகவே இடித்துரைத்திருக்கிறார். தீவில் இறங்க விடுகிறார்களா என்பதையே நான் சொல்லவில்லை. இன்றைய நிலவரப்படி இல்லை. 2022 கோடையில் பறவைக் காய்ச்சல் வந்தது. அந்த ஓர் ஆண்டில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட செத்த பறவைகளைத் தீவுக் காவலர்கள் பொறுக்கி எடுத்தார்கள், தலை முதல் கால் வரை மூடிய வெள்ளை உடையில். ஜூலையில் தீவை மூடினார்கள். 2023 முழுக்கவும் இறங்க முடியவில்லை, படகில் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான்.

2023 ஜூலையில் நான் அப்படி ஒரு படகில் போனேன். பாறைச் சுவரில் கில்லிமாட் பறவைகள் தோளோடு தோள் ஒட்டி நிற்கும் இடம் தெரியுமா? நடுவில் அங்கங்கே இடைவெளி. பல் விழுந்த வாய் மாதிரி. படகில் யாரும் அதிகம் பேசவில்லை.

26 மார்ச் 2024

நேற்று இன்னர் ஃபார்னைத் திறந்துவிட்டார்கள்! மேலே நான் எழுதியதை இனி பழைய செய்தியாகப் படியுங்கள். இறங்கும்போது காலணிக்கு மருந்துத் தண்ணீர் விரிப்பு இருக்கும், அதை மிதித்துவிட்டுப் போங்கள். பறவையைத் தொடக்கூடாது, செத்ததையும்.

செலவு இரண்டு பங்கு என்பதை மறக்க வேண்டாம். சீஹவுஸஸ் துறைமுகத்தில் படகுக்காரருக்கு ஒரு கட்டணம், தீவில் கால் வைக்க, தீவுகளைப் பராமரிக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டுக்கு ஒரு கட்டணம். டிரஸ்ட் உறுப்பினர் அட்டை இருந்தால் இரண்டாவது இல்லை. தீவுகள் 1925லிருந்து அவர்கள் கையில். எத்தனை தீவு என்று மகள் கேட்டால் படகோட்டியின் பதிலையே சொல்லுங்கள்: “கடல் ஏறியிருக்கும்போதா, வற்றியிருக்கும்போதா?”

இன்னொன்று, நல்ல செய்தி. இங்கிலாந்து தன் வடகடல் பகுதியில் மணல் விலாங்கு பிடிப்பதை இந்த மாதத்தோடு நிறுத்துகிறது. விரல் நீளத்தில் வெள்ளிக் கம்பி போல இருக்கும் மீன். பஃபின் அலகில் நீங்கள் படங்களில் பார்ப்பது பெரும்பாலும் அதுதான்.

3 ஏப்ரல் 2024

அத்தனை மீனை ஒரே நேரத்தில் எப்படிக் கவ்வுகிறது, வாயைத் திறந்தால் முதல் மீன் விழாதா என்று கோவையிலிருந்து ஒருவர் கேட்கிறார். நல்ல கேள்வி. நாக்கும் மேல் அண்ணமும் முள் முள்ளாக இருக்கும். பிடித்த மீனை நாக்கால் அண்ணத்தில் அழுத்திக்கொண்டு அடுத்ததற்கு வாயைத் திறக்கும். நம்மூர் ஆச்சி வாயில் ஊக்கைக் கவ்விக்கொண்டு புடவைக்கு மடிப்பு வைத்துக்கொண்டே பேசுவாள் இல்லையா, அந்தத் தொழில்நுட்பம். வழக்கமாகப் பத்து மீன் வரை. பிரிட்டனில் பதிவான உச்சம் 62. அவ்வளவு வந்தால் எல்லாம் நூல் மாதிரி சின்னதாகத்தான் இருந்திருக்கும்.

4 ஏப்ரல் 2024

பேச்சு எங்கோ போகிறது, போகட்டும். இன்று வேலைக்குப் போகும் வழியில் எங்கள் நியூகாசில் டைன் பாலத்தில் கிட்டிவேக் கூட்டம் வந்து சேர்ந்துவிட்டது. கடற்பறவைதான், ஆனால் பாலத்தின் இரும்புத் தாங்கிகளைப் பாறை என்று நினைத்துக் கூடு கட்டுகிறது. கடலிலிருந்து பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே, உலகிலேயே கடலிலிருந்து இவ்வளவு தள்ளி அது கூடு கட்டும் இடம் இதுதான் என்கிறார்கள். தன் பெயரைத் தானே கத்தும், “கிட்டி-வேக், கிட்டி-வேக்”. கீழே உணவகங்களின் குடை முழுக்க எச்சம். படகுக் கட்டணம் கட்டாமல் கடற்பறவை பார்க்க வேண்டுமானால் நியூகாசில் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே வரலாம், தலைக்கு ஏதாவது போட்டுக்கொண்டு.

19 மே 2024

முதலில் கேள்வி கேட்ட மான்செஸ்டர் தம்பி டிக்கெட் எடுத்துவிட்டாராம், ஜூன் 8, சனிக்கிழமை. நானும் அன்றைக்கே வருகிறேன், துறைமுகத்தில் பார்ப்போம்.

தொப்பி, தொப்பி, தொப்பி. கடினமான தொப்பி. இன்னர் ஃபார்னில் படகுத்துறையிலிருந்து மேலே ஏறும் பாதை நெடுக ஆர்க்டிக் ஆலா என்ற கடற்பறவை தரையில் முட்டையிட்டிருக்கும். நீங்கள் பாதையில் நடந்தாலும் அதற்கு நீங்கள் திருடர்தான். நேராக மண்டையில் கொத்தும், ரத்தம் வரும். என் தலையில் ஒரு வடு இருக்கிறது, முடி கொட்டிய பிறகு வெளியில் தெரிகிறது. உயரமான இடத்தைத்தான் குறி வைக்கும் என்பதால், மகள் தலைக்கு மேல் உங்கள் கையைத் தூக்கிப் பிடியுங்கள். ஐந்தடி நான்கு அங்குலமான நான் எப்போதும் ஆறடி வெள்ளைக்காரர் ஒருவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு நடப்பேன்.

நூறு கிராம் பறவைக்கு இத்தனை திமிர் ஏன் என்று கேட்காதீர்கள். குளிர்காலத்துக்குத் தென்னாப்பிரிக்கா போய் வரும் பறவை.

20 மே 2024

திருத்தம். தென்னாப்பிரிக்கா வழியாக, அண்டார்டிகா வரை. யாரோ சிரித்துக்கொண்டே திருத்தியிருக்கிறார், நன்றி. எங்கள் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் ஃபார்ன் ஆலாக்களின் காலில் ஒரு கிராமுக்கும் குறைவான கருவியைக் கட்டி அனுப்பினார்கள். 2015 ஜூலையில் கிளம்பிய ஒன்று 2016 மே மாதம் திரும்பி வந்தபோது 96,000 கி.மீ. பறந்திருந்தது. அதற்கும் முன்னால், 1982 கோடையில் ஃபார்னில் பறக்கத் தெரியாத குஞ்சாக வளையம் மாட்டப்பட்ட ஆலா ஒன்று அதே அக்டோபரில் ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில் இருந்தது. மூன்று மாதம்! என் மகனுக்கு அந்த வயதில் தெருமுனைக் கடைக்குத் தனியாகப் போகத் தெரியாது.

“ஆலா” என்ற பெயர் நம்மிடம் முன்பே இருக்கிறது, அதனால் தைரியமாக எழுதினேன். பஃபினுக்கு அப்படி ஒன்றும் இல்லை. இங்குள்ள பழைய மீனவர்கள் கடல் கிளி என்று பொருள்படும்படி ஒரு பெயர் சொல்வார்கள். நான் பஃபின் என்றே விட்டுவிடுகிறேன். அது கிளி இல்லை, கிளிக்குக் கோபம் வரும்.

8 ஜூன் 2024, இரவு

போய் வந்தாயிற்று. உடம்பெல்லாம் மீன் வாடை. ஷட்டரை அமுக்கிய விரல் வலிக்கிறது. சுருக்கமாக எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

நல்ல மேகமூட்டம், அலை பரவாயில்லை. தம்பியின் மகள் படகில் எல்லோரையும் விட அதிகமாகக் கத்தினாள், கடல்நாயைப் பார்த்து இல்லை, கலங்கரை விளக்கத்தைப் பார்த்து. அவள் பள்ளியில் கிரேஸ் டார்லிங் கதை சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 1838 செப்டம்பரில் ஃபார்ஃபர்ஷயர் என்ற கப்பல் பாறையில் மோதி உடைந்தபோது, லாங்ஸ்டோன் விளக்குக் காவலரின் மகளான கிரேஸ் அப்பாவோடு துடுப்புப் படகில் போய் ஆட்களை மீட்டாள். அப்போது அவளுக்கு 22 வயது. நாலு வருடத்தில் காசநோயில் போய்விட்டாள். “அவளோட ரூம் ஜன்னல் எது?” என்று குழந்தை கேட்டுக்கொண்டே இருந்தாள். படகு சுற்றி முடிப்பதற்குள் ஜன்னலைக் காட்டிவிட்டார் படகோட்டி. அதுதான் அந்த ஜன்னலா என்று நான் கேட்கவில்லை.

ஆலா தம்பியைக் கொத்தியது. என்னைக் கொத்தவில்லை. தம்பி ஆறடி.

பிறகு ஒரு விஷயம். ஈடர் வாத்துப் பெட்டை ஒன்று மரப்பாதை ஓரத்தில் அடை உட்கார்ந்திருந்தது. என் காலுக்கும் அதற்கும் ஒரு சாண். உண்மையில் நான் கல் என்று நினைத்துப் பையை அதன் மேல் இறக்கப் போனேன். தம்பியின் மனைவி “அண்ணா, அது பாக்குது” என்றார். உற்றுப் பார்த்த பிறகுதான் பழுப்பு இறகின் கோடு கோடான விளிம்பும், அதற்குள் ஒரு கருப்புக் கண்ணும் தெரிந்தன. இருபத்தைந்து நாள் போல ஏறக்குறைய ஒன்றும் சாப்பிடாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். பயந்து எழுந்தால் முட்டைகள் மேலேயே நாற்றமடிக்கும் எச்சத்தைப் போட்டுவிட்டுப் போகும். ஃபோனை எடுத்து ஒரே ஒரு படம், நகர்ந்துவிட்டேன். இந்த வாத்தை இங்கே கட்பர்ட் துறவியின் வாத்து என்பார்கள். ஏழாம் நூற்றாண்டில் இதே தீவில் தனியாக வாழ்ந்து 687இல் இறந்தவர், இந்த வாத்துகளைக் காத்தவர் என்று அவர் பெயர்.

மீதி நாளை.

9 ஜூன் 2024

மீதி இதுதான். மரப்பாதையில் ஒரு வளைவில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கும்பலாக நின்றோம், எல்லோர் கையிலும் கேமரா. நான் என் “ரகசியத்தின்” படி அசையாமல் நின்றேன். காவலர் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி வந்தாள். குரலை உயர்த்தவில்லை. “கொஞ்சம் நகர்ந்துகொண்டே இருங்கள். உங்களுக்குப் பின்னால் மூன்று பேர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார்கள்” என்றாள். திரும்பிப் பார்த்தேன், ஆள் யாரும் இல்லை. பிறகுதான் மேலே பார்த்தேன். மூன்று பஃபின், வாயில் மீனோடு, எங்கள் தலைக்கு மேல் வட்டம் போட்டுக்கொண்டிருந்தன. பஃபின் மண்ணில் வளை தோண்டி அதற்குள்தான் குஞ்சு வளர்க்கும். அவற்றின் வளைகள் எங்கள் கால் பக்கம்.

நகர்ந்தோம். ஒவ்வொன்றாக இறங்கி, ஓட்டமும் நடையுமாக வளைக்குள் மறைந்தன. மொத்தம் இருபது விநாடி கூட இல்லை.

அதிலிருந்து ஒன்று மனதில் உறுத்துகிறது. பழைய படங்களைப் பார்க்க வேண்டும்.

10 ஜூன் 2024

பார்த்தேன்.

2019 ஜூன் 22. அந்த இரண்டாம் பரிசுப் படம் இருக்கும் கோப்புறையில் ஒரே இடத்தில் நின்று எடுத்த 143 படங்கள். முதல் படத்தின் நேரம் 11:42:07, கடைசி 11:53:30. அன்றைக்கு நான் பல பஃபின்களை எடுத்ததாகத்தான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். பெரிதாக்கி, அலகில் மீனை எண்ணினேன். ஏழு. அடுத்த தொகுப்பு, ஏழு. அதற்கடுத்தது, ஏழு. ஒவ்வொன்றிலும் இடது பக்கம் கடைசி மீன் நடுவில் முறிந்து, கயிறு போலத் தொங்குகிறது. ஒரே பறவை. ஆறு தடவை வந்து வந்து திரும்பியிருக்கிறது. “பறக்கும் பஃபின்” என்று நான் பெருமையாகத் தனியாக எடுத்து வைத்த நான்கு படமும் அதன் வட்டங்கள்தான்.

ஏழாவது தடவை அது வளையிலிருந்து தள்ளி, புல்லில்லாத வெட்டவெளியில் இறங்கியது. அங்கே கடற்காகம் காத்திருந்தது. அந்தக் கணம்தான் என் மாடிப்படியில் தொங்குகிறது. அதற்குப் பிறகு எடுத்த கடைசி மூன்று படத்தில் அலகில் இரண்டு மீன்.

வளை எங்கே இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? என் மனைவி அன்று தூரத்திலிருந்து ஃபோனில் என்னை ஒரு படம் எடுத்திருந்தாள், “இவர் வர மாட்டார், டீ குடிக்கப் போவோம்” என்று தங்கைக்கு அனுப்புவதற்காக. நேரம் 11:47. அதில் நான் மரப்பாதை ஓரத்தில் ஒரு காலை மடக்கி உட்கார்ந்திருக்கிறேன். முட்டியிலிருந்து ஒரு முழத்தில் ஒரு வளையின் வாய், சுற்றிலும் புது மண், வெள்ளை எச்சம்.

பிப்ரவரி 12 அன்று நான் எழுதிய “ரகசியத்தை” யாரும் பின்பற்ற வேண்டாம். பறவைகள் மறக்கவில்லை.

10 ஜூன் 2024, சற்று நேரம் கழித்து

தம்பிக்கு: இல்லை, நீங்கள் எடுத்த படத்தை அழிக்க வேண்டாம். நீங்கள் நின்றது இரண்டு நிமிடம். நான் பேசுவது என்னைப் பற்றி.

13 ஜூன் 2024

லீட்ஸ்காரர் வாதாடுகிறார்: கடற்காகம் மனிதர் இல்லாவிட்டாலும் திருடும், அது இயற்கை, அதற்கு நீங்கள் ஏன் குற்ற உணர்ச்சி கொள்கிறீர்கள் என்று. உண்மைதான். கடற்காகங்கள் தினமும் வழிப்பறி செய்கின்றன, நான் இல்லாத நாளிலும். பஃபினும் அதற்காகத்தான் இறங்கியவுடன் நிற்காமல் வளைக்குள் ஓடுகிறது. ஓட வேண்டிய தூரத்தைக் கூட்டியது யார் என்பதுதான் என் பிரச்சினை. ஒரு வளையில் ஒரே முட்டை, ஒரே குஞ்சு. பதினொரு நிமிடம் அதற்கு ஒரு வேளைச் சாப்பாடு தாமதம், அப்புறம் ஏழுக்கு இரண்டு.

அதனால் குஞ்சு செத்திருக்கும் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனாலும் அந்தப் படத்தைக் காட்டி “இயற்கையின் கொடூரம்” என்று கழகத்தில் ஐந்து நிமிடம் பேசியிருக்கிறேன், அதை நினைத்தால்தான் காது சுடுகிறது.

நடைமுறையாக ஒன்று: தரையில் எச்சம் தெறித்த ஓட்டை தெரிந்தால் அதன் முன்னால் நிற்காதீர்கள். மீன் இல்லாத பஃபின் சும்மா உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும், அதை எடுங்கள். வாயில் மீன் உள்ளது அவசரத்தில் இருக்கிறது.

2 ஜூலை 2024

கேமராவைக் கழுவலாமா என்று கேட்டவருக்கு: கழுவாதீர்கள், ஐயா! லேசாக ஈரமான துணியால் உப்பைத் துடைத்து, பிறகு உலர்ந்த துணி. படகில் லென்ஸ் மாற்றவே கூடாது. 2017இல் நான் மாற்றினேன், சரியாக அப்போது ஒரு அலை. பழுது பார்த்த கடைக்காரர் உள்ளே உப்புப் படிந்ததைக் காட்டி “உங்களுக்குக் கடல் ரொம்பப் பிடிக்குமோ” என்றார். அந்தத் தொகையை மனைவியிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை. இந்த இழையை அவள் படிப்பதில்லை என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

படகில் கைப்பிடிக் கம்பியில் சாயவும் வேண்டாம். இன்ஜின் அதிர்வு நேராகக் கேமராவுக்கு வரும்.

3 நவம்பர் 2024

ஏழு மாதமாக “கடல்நாய்க்குட்டி எப்போ?” என்று கேட்டவர்களுக்கு, நேற்றைய படகு ரத்து. வடகிழக்குக் காற்று. நவம்பரில் மூன்றுக்கு ஒன்று இப்படித்தான். அதனால் ரத்தாகிப் போன சோகத்தில் வீட்டுப் பக்கத்துத் தீவுக்குப் போனேன். விட்லி பேயில் செயின்ட் மேரிஸ். தீவு என்று பெயர், கடல் வற்றினால் நடந்தே போகலாம், ஏறினால் மாட்டிக்கொள்வீர்கள். கலங்கரை விளக்கம் 1898இல் கட்டியது, 1984லிருந்து எரிவதில்லை. பாறையில் இருபது முப்பது கடல்நாய். அங்கே தன்னார்வலர்கள் மேலங்கி போட்டுக்கொண்டு நிற்கிறார்கள், கடல்நாயைப் பார்க்க அல்ல, நம்மைப் பார்க்க.

இரண்டு இனத்தைப் பிரித்தறிய: மூக்குத் துவாரம் இரண்டும் அடியில் ஒட்டி வி போல இருந்தால் சாதாரணக் கடல்நாய், முகம் பூனை மாதிரி. துவாரங்கள் தனித்தனியாக, முகம் நீண்டு குதிரை மாதிரி இருந்தால் சாம்பல் கடல்நாய். அதன் அறிவியல் பெயர் ஹாலிகீரஸ் கிரைபஸ், பொருள் “கொக்கி மூக்குக் கடல் பன்றி”. பெயர் வைத்தவர் அந்த முட்டைக் கண்ணைப் பார்க்கவே இல்லை போலிருக்கிறது.

10 நவம்பர் 2024

நேற்று படகு போயிற்று. தீவில் இறங்கவில்லை, குட்டிகள் இருக்கும் ஸ்டேபிள், பிரவுன்ஸ்மன் தீவுகள் பக்கமெல்லாம் படகிலிருந்து பார்ப்பதோடு சரி.

பிறந்து இரண்டு மூன்று நாளான ஒன்று. வெள்ளை ரோமம் இன்னும் மஞ்சளடித்து, தோல் உடம்புக்குப் பெரிதாகி, அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்ட தம்பி மாதிரி மடிப்பு மடிப்பாக. பக்கத்திலேயே மூன்று வாரமானது, உருளை. பிறக்கும்போது பதினாலு கிலோ சுமார், தாய்ப்பாலில் பாதிக்கு மேல் கொழுப்பு, நாளுக்கு இரண்டு கிலோ ஏறும். தாய் அந்த மூன்று வாரமும் சாப்பிடாமல் இளைத்துப் போகும், பிறகு ஒருநாள் கடலுக்குப் போய்விடும். குட்டி தன் கொழுப்பைத் தின்றுகொண்டு பட்டினி கிடந்து, தானாகவே நீந்தப் பழக வேண்டும். பாறை இடுக்கில் ஒரு தாய் துடுப்புக் காலால் குட்டியைச் சொறிந்துவிட்டுக்கொண்டிருந்தது. சொறிகிற ஒவ்வொரு தடவையும் குட்டி கண்ணை மூடியது. படம் கலங்கல். படகு ஆடியது, நானும் ஆடினேன்.

வெள்ளைக் குட்டியைக் கேமராவின் கணக்கில் விட்டால் சாம்பலாக்கிவிடும், பஃபினுக்குக் குறைத்ததை இதற்குக் கொஞ்சம் கூட்டுங்கள்.

12 நவம்பர் 2024

2018இல் நான் எடுத்த குட்டிப் படத்தில் முதுகில் நீல நிறம் ஏன், ஹோலி விளையாடியதா என்று கேட்கிறார்கள். எண்ணுவதற்காகக் காவலர்கள் அடித்த தாவரச் சாயம் அது. சில நாளுக்கு ஒருமுறை போய், புதிதாகப் பிறந்ததற்கு வேறு நிறம். இப்போது மேலிருந்து ட்ரோன் வைத்து எண்ணுகிறார்கள், குட்டிகளுக்கும் நிம்மதி. (இதைப் படித்துவிட்டு உங்கள் ட்ரோனைக் கொண்டு போகாதீர்கள், தடை.) 2018இல் எண்ணியது 2,737 குட்டிகள்.

இந்தக் கடல்நாய்க்கும் பஃபினுக்கும் ஒரு பழைய நிலத்தகராறு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. இரண்டும் ஒரே மண்ணைத்தான் பயன்படுத்துகின்றன, வேறு வேறு மாதத்தில். பாறை மேல் மெல்லிய மண் போர்வைதான் இருக்கிறது, பஃபின் அதில்தான் வளை தோண்டும். குளிர்காலத்தில் இருநூறு கிலோ தாய்கள் அதன் மேல் புரண்டால் வளை இடியும், செடி அழியும், மழை மண்ணைக் கரைத்துக் கடலில் விடும். அதைக் காரணம் காட்டி 1970களில் தீவிலேயே கடல்நாய்களைச் சுட்டார்கள். அதுவும், 1914லேயே சட்டம் போட்டுப் பாதுகாக்கத் தொடங்கிய விலங்கை. இன்று அதே தீவில் இரண்டையும் பார்க்கப் படகில் வரிசையில் நிற்கிறோம். தம்பி முதலில் கேட்ட கேள்விக்கு இதுதான் முழு விடை போல: ஒரே நாளில் கிடைக்காது, ஆனால் ஒரே மண்ணில் கிடைக்கும்.

8 டிசம்பர் 2024

இந்தக் கோடையின் பஃபின் கணக்கு வந்துவிட்டது. 50,103 ஜோடி, 2018ஐ விடச் சுமார் பதினைந்து சதவீதம் கூடுதல். காய்ச்சலுக்குப் பிறகு இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. வளைக்குள் தனித்தனியாக இருந்ததால் தப்பித்திருக்கலாம், தோளோடு தோள் நிற்கும் கில்லிமாட்டுக்கு அந்த வசதி இல்லை. எனக்கு ஒரே ஒரு ஜோடியைப் பற்றித்தான் யோசனை போகிறது, அது வேறு கதை.

15 டிசம்பர் 2024

மாடிப்படிப் படம் என்னவாயிற்று என்று தம்பி கேட்டார். கழற்றிவிட்டேன். அதே சட்டத்தில் ஜூனில் ஃபோனில் எடுத்த ஈடர் வாத்தை அச்சிட்டுப் போட்டிருக்கிறேன். நேற்று வீட்டுக்கு வந்த மைத்துனர் மாடிப்படியில் நின்று ரொம்ப நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“மாமா, எதுக்கு ஒரு கல்லை ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கீங்க?”